ஆற்றில் போன மருத்துவச்சி

என் இடத்தில் உட்காரப்போகிறவருக்கு வேண்டிய தாளை நானேதான் வரைந்து கொடுத்தேன். வரையும்போது எனக்கு அது தெரியாது. தெரிந்த பிறகும் அந்தத் தாளில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. நான் செய்தவற்றிலேயே நன்றாக அமைந்தது அதுதான்.

நில அளவைப் பிரிவில் வரைவாளராக இருக்கிறேன். அலுவலகம் வேங்கிக்காலில், வீடு பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில். பிறருடைய நிலத்தின் எல்லைகளைக் கோடாக்குவது என் வேலை. மகள் சென்னைக்கு வேலைக்குப் போன பிறகு, வீடும் அலுவலகமும் தவிர எனக்கென்று ஓர் இடம் இருந்தது என்றால், அது செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி என் தோழியின் குடும்பம் வாடகைக்கு விடும் அறைகளின் மேல்மாடியில் கிடந்த ஒரு மேசைதான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அங்கே நாங்கள் நான்கு பேர் கூடுவோம்.

நாங்கள் ஆடியது ஒரு கதை ஆட்டம். அந்த வாடகை அறைகளில் ஒன்றில் நீண்டநாள் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது ஒரு விதிப் புத்தகத்தையும் பல முகங்கள் கொண்ட பகடைகளையும் விட்டுவிட்டுப் போனார். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தும் என் தோழி அதை முழுவதும் படித்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒருவர் கதையை நடத்த வேண்டும். எங்கள் மேசையில் அது அவள்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிவிடுவார்கள். "நான் கதவைத் தள்ளுறேன்" என்று ஒருவர் சொல்வார். கதவு திறந்ததா என்பதைப் பகடை சொல்லும். அந்தப் பாத்திரத்தின் வலிமை, திறமை, உடம்பில் எஞ்சியிருக்கும் உயிர், பையில் உள்ள பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் அதற்குக் கேரக்டர் ஷீட் என்று பெயர். எழுதும்போது நான் பாத்திரத் தாள் என்று எழுதினேன். பேசும்போது எல்லோருக்கும் ஷீட்தான்.

என் கணவருக்கு இது விளங்கவேயில்லை. "ஞாயித்துக்கெழம தாயம் ஆடுறதுக்கு வெள்ளிக்கெழமையே பென்சில் சீவுறியே" என்பார். தாயம் இல்லை என்று இரண்டு முறை விளக்கினேன். பிறகு தாயம்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். அது இருவருக்கும் வசதியாக இருந்தது.

முதலில் இணையத்தில் கிடைத்த தாளைத்தான் நகலெடுத்து வைத்திருந்தோம். ஆங்கிலத்துக்காகக் கட்டங்கள் போட்ட தாள் அது. மூன்று எழுத்துக்கு விட்ட இடத்தில் 'சுறுசுறுப்பு' என்று எழுதினால் கடைசி எழுத்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். மேலே விசிறி, கீழே சுழி. வரி உயரம் குறைந்தால் மேல்வரியின் 'பூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. ஆடும் மூவருக்கும் புதிதாக ஒரு தாள் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். தோழி அதைப் பார்த்துவிட்டு, "ஆபீஸ்ல உன்ன வேலை செய்யவே வுட மாட்டாங்களா" என்றாள். அவளுக்குப் பிடித்திருந்தது என்று அர்த்தம்.

ஒரே தாள் எல்லோருக்கும் பொருந்தாது என்பது அடுத்த ஞாயிறே தெரிந்துவிட்டது. எங்களில் ஒருவர் செங்கம் சாலையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். கதையில் அவர் திருடன். மருந்துச் சீட்டுகளின் ஓரத்திலேயே எழுதிப் பழகியவர் என்பதால் அவர் கையெழுத்து எறும்பு ஊர்வதுபோல இருக்கும். பெரிய கட்டத்தைக் கண்டால் அவருக்குக் கூச்சம். "எனக்கு எதுக்கு மேடம் இவ்ளோ இடம். மாத்திர அட்ட மாதிரி சின்னச் சின்னதா போட்டுக் குடுங்க" என்றார். அப்படியே போட்டுக் கொடுத்தேன். திருடியவற்றை மற்றவர்கள் பார்க்காமல் எழுதிக்கொள்ள தாளின் வலது ஓரத்தில் ஒரு மடிப்பும் வைத்தேன். அந்த மடிப்பைப் பார்த்ததும் அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பார்.

இன்னொருவர் பி.டி. வாத்தியார். கதையில் வில்லாளி. பென்சிலை ஆணி அடிப்பதுபோல அழுத்துவார். தவறாக எழுதினால் ரப்பர் தேடமாட்டார். கட்டைவிரலில் எச்சில் தொட்டுத் தேய்ப்பார். இரண்டு வாரத்தில் தாளில் ஓட்டை விழும். "என்னா பேப்பர் குடுத்தாலும் கிழிச்சுடுவேன் மேடம். பிளைவுட்ல அடிச்சுக் குடுங்க" என்றார். அவருக்காக உயிர்க்கணக்கை எண்ணாக எழுதும் கட்டத்தை எடுத்துவிட்டு, சின்ன வட்டங்களை வரிசையாக வைத்தேன். அடி பட்டால் ஒரு வட்டத்தை அடித்தால் போதும், அழிக்க வேண்டியதில்லை. அந்த வரிசையை மட்டும் கெட்டி அட்டையில் தனித் துண்டாக அச்சிட்டுத் தாளின் மேல் செருகினேன். தீர்ந்ததும் துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அதிலிருந்து இது என் வழக்கமாகிவிட்டது. ஒருவருக்குத் தாள் வரைவதற்கு முன்னால் அவர் எந்தக் கையால் எழுதுகிறார், பேனாவா பென்சிலா, தாளை நேராக வைப்பாரா சாய்த்து வைப்பாரா, மறதி எதில் வருகிறது என்பதையெல்லாம் கேட்டுக்கொள்வேன். எந்தப் பாத்திரம் என்பதைக் கடைசியில்தான் கேட்பேன். ஆள் தெரிந்தால் தாள் வந்துவிடும்.

என் பாத்திரம் ஒரு மருத்துவச்சி. காயம் பட்டவர்களுக்கு மூலிகை கட்டிவிடுவாள். முதல் நாளே மருந்துக்கடைக்காரர், "நமக்குப் போட்டியா மேடம்" என்று கேட்டார். மேசைக்கு வரும் யாருக்கும் என் மூலிகை இல்லாமல் ஒரு வாரம் ஓடாது. அலுவலகத்தில் நான் விடுப்பு எடுத்தால் கோப்பு அடுத்த மேசைக்குப் போகும். இங்கே நான் வராவிட்டால் வில்லாளி செத்துப்போவார். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை.

எல்லாத் தாள்களுக்கும் அடியில் 'இதுவரை' என்று ஒரு பட்டையும் வைத்தேன். கதை எங்கே நின்றது என்று அதில் எழுதுவது. மற்றவர்கள் எழுதமாட்டார்கள் என்பதால் நானே எல்லோருக்கும் நிரப்பி, ஆட்டம் தொடங்கும்போது வாசிப்பேன்.

"போன வாரம் சார் மூணு அம்பு விட்டீங்க. ஒண்ணு பாறையில பட்டு ஒடஞ்சிடுச்சு."

"அத நான் எடுத்துக்கிட்டேனே" என்பார் வாத்தியார்.

"எடுக்கப் போறேன்னு சொன்னீங்க. அதுக்குள்ள ஓநாய் வந்துடுச்சு."

"ஓநாய் வந்தா நான் என்னா பண்றது மேடம்."

"அம்புல ஒண்ணு கம்மி பண்ணணும்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஊரில் பௌர்ணமி வந்தால் அந்த மேல்மாடியில் ஆட முடியாது. அறைகள் எல்லாம் நிரம்பிவிடும். செங்கம் சாலை முழுக்க மலை சுற்றுகிறவர்களின் தலைகள்தான். வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் பௌர்ணமியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது என்று தோழி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். நியாயம்தானே என்று தலையாட்டினோம். அந்த ஞாயிறுகளில் நான் வீட்டில் உட்கார்ந்து தாள்களைத் திருத்துவேன். எந்தக் கட்டத்தை யாரும் தொடவேயில்லை, எந்த ஓரத்தில் இடம் போதாமல் குறுக்கி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து மாற்றுவேன்.

ஒருநாள் மதிய இடைவேளையில் தோழி அலுவலகத்துக்கே வந்தாள். வாசலில் இருந்த டீக்கடையில் நின்றோம்.

"உங்கிட்ட ஒரு வேலை. புதுசா ஒருத்தங்க வராங்க. ஒரு ஷீட் போட்டுக் குடு."

"யாரு?"

"பேங்க்ல மாத்தலாகி வந்திருக்காங்க. எங்க தெருவுலதான் வீடு. நல்ல மாதிரி."

"எப்ப வராங்க?"

"வருவாங்க. அடுத்த மாசம் மாதிரி. நீ போட்டு வை."

நான் வழக்கம்போலக் கேட்கத் தொடங்கினேன். அவளும் தயங்காமல் சொல்லிக்கொண்டு வந்தாள். இடது கை. கண்ணாடி போட்டிருப்பார். எழுத்து பெரிது பெரிதாக இருக்கும். தாளை வலது பக்கமாக நன்றாகச் சாய்த்து வைத்துக்கொள்வார்.

"பென்சிலா பேனாவா?"

"பென்சில். ஒவ்வொரு தடவை அடி வாங்கினதும் இருக்கிறத மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா எழுதுவாங்க. அதுலயே அஞ்சு நிமிஷம் போயிடும்."

"அப்ப வாத்தியாருக்குப் போட்ட மாதிரி வட்டம் போட்டுடலாம்."

"அதான், அதான். அத மாதிரி."

"என்ன பாத்திரம்?"

அவள் டீயை ஆற்றினாள். "மருத்துவச்சிதான்."

"ரெண்டு மருத்துவச்சியா?"

"ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானடி. இந்தப் பசங்க வாங்குற அடிக்கு ஒருத்தி போதுமா." பிறகு கிளம்பும்போது திரும்பி, "அந்த இதுவரை பட்டை வேணாம், விட்டுடு. அவங்களுக்கு எதுக்கு" என்றாள். புதிதாக வருகிறவருக்குப் பழைய கதை ஏது என்று நான் அதை எடுத்துக்கொண்டேன்.

இப்போது நினைத்தால், அடி வாங்கினதும் அழிப்பார் என்று அவள் சொன்ன இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இன்னும் ஆட வராத ஒருவர் அடி வாங்கியதை அவள் எங்கே பார்த்தாள்? ஆனால் என் காதில் விழுந்தது வட்டமா எண்ணா என்பது மட்டும்தான். நான் வரைவாளர். அளவு சொன்னால் அளவைக் குறித்துக்கொள்வேன்.

அந்தத் தாளுக்கு நிறைய யோசித்தேன். இடது கைக்காரர் எழுதும்போது கை எழுதியதன் மேலேயே நகரும், பென்சில் கரி பரவிவிடும். அதனால் அடிக்கடி மாறும் விவரங்களை இடது ஓரத்துக்குக் கொண்டுபோய் வைத்தேன். மாறாத விவரங்கள் வலது பக்கம். தாளைச் சாய்த்து வைப்பவர் என்பதால் கட்டங்களையே கொஞ்சம் சாய்த்துப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் கோணல், கண்ணாடி போட்டவர் சாய்த்து வைத்துப் பார்த்தால் நேர். மூலிகைகளுக்கான பகுதியில் என் தாளில் செய்த தவறுகளைத் திருத்திக்கொண்டேன். எனக்கு மூலிகையின் பெயருக்கு விட்ட இடம் போதாது, மீதி எவ்வளவு என்று எழுதும் இடம் அதிகம். அவருக்கு அது சரியாக வந்தது. அலுவலகத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொஞ்சம் மஞ்சள் தோய்ந்த கெட்டித் தாளில் அச்செடுத்தேன். கடைக்காரர், "கோணலா வந்துருக்கே மேடம், திரும்ப எடுக்கட்டுமா" என்று கேட்டார். அதுதான் சரி என்றேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமையே பௌர்ணமி. ஆட்டம் இல்லை. கணவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். தாள் மேசைமேல் இருந்தது. எனக்கு அதை உடனே யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. தோழிக்குப் போன் செய்தேன். பௌர்ணமியன்று எங்கள் பக்கம் கூட்டம் ஏற ஏற போன் கிடைக்காது. நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்று அட்டை உறையில் தாளை வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வேலூர் சாலையில் தற்காலிகப் பேருந்து நிலையத்தில் இறங்கிய கூட்டம் முழுவதும் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. எதிர்த் திசையில் நான் ஒருத்தி. செருப்பைப் பையில் போட்டுக் கையில் வைத்திருந்த ஓர் அம்மா என்னை நிறுத்தி, "கோயிலு அந்தப் பக்கம்மா" என்றார். தெரியும் என்றேன். "அப்ப சுத்தி முடிச்சுட்டியா, புண்ணியவதி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேங்கிக்காலுக்குள் திரும்பியதும் ஆள் நடமாட்டம் குறைந்தது. தோழி குடியிருக்கும் வீடு அங்கே புதிய குடியிருப்பில் கடைசிக்கு முந்தையது. வாசலில் மருந்துக்கடைக்காரரின் ஸ்கூட்டர் நின்றது. தோழியின் அம்மாவுக்கு ஏதாவது மருந்து கொண்டுவந்திருப்பார் என்று நினைத்தேன். பிறகு படியில் வாத்தியாரின் விளையாட்டுக் காலணியைப் பார்த்தேன். பக்கத்தில் நான் பார்க்காத, பெண்கள் போடும் ஒரு செருப்பு. முன்னறை ஜன்னல் திறந்திருந்தது.

"எத்தினி அம்பு இருக்குது எனக்கு?" என்று வாத்தியார் கேட்டார்.

"இருக்குதுன்னு வச்சிக்கோ சார். இன்னைக்கு ஆடிட்டர் லீவு" என்றது மருந்துக்கடைக்காரரின் குரல்.

"ஒரு பத்து இருக்குமா?"

"இருவதுன்னு வச்சிக்கோயேன். யாரு எண்ணப் போறா."

சிரிப்பு. அதில் என் தோழியின் சிரிப்பும் இருந்தது. அவள் சிரித்து முடித்துவிட்டு, "பௌர்ணமிக்குப் பௌர்ணமி உங்களுக்கெல்லாம் குளிர் விட்டுப் போச்சு" என்றாள்.

எங்கள் குழுவில் ஆடிட்டர் யாரும் இல்லையே என்று ஒரு கணம் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். பிறகுதான் புரிந்தது.

திரும்பிப் போயிருக்கலாம். அழைப்பு மணியை அழுத்தினேன். கொண்டுவந்ததைக் கொடுக்காமல் திரும்பும் பழக்கம் எனக்கு இல்லை.

தோழி கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது பயம் என்று சொல்ல மாட்டேன். வகுப்பில் கணக்கு போட்டுக்கொண்டிருக்கும்போது பாதியில் தப்பு தெரிந்தால் கரும்பலகைமுன் நிற்பவருக்கு ஒரு முகம் வருமே, அது.

"வாடி" என்றாள். "எப்படி வந்த, ரோடெல்லாம் அடைச்சிருக்குமே."

"நடந்து."

உள்ளே சாப்பாட்டு மேசையில் அவர்கள் இருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை போல மறுபடி உட்கார்ந்தார். வாத்தியார் தன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருகிய அட்டைத் துண்டில் பாதி வட்டங்கள் அடித்திருந்தன. போன ஞாயிறு நான் பார்த்தபோது அவை அடிபடாமல் இருந்தன. நான்காவது நாற்காலியில் கண்ணாடி போட்ட ஒரு பெண், என்னைவிட நாலைந்து வயது சிறியவர், இடது கையில் பென்சில். அவர் முன்னால் இருந்தது என் மருத்துவச்சியின் தாளின் ஜெராக்ஸ். என் பாத்திரத்தின் பெயர் இருந்த இடத்தில் வெள்ளை மை பூசி வேறு பெயர் எழுதியிருந்தது. கீழே இருந்த 'இதுவரை' பட்டையை மட்டும் கத்தரித்து எடுத்திருந்தார்கள்.

அங்கிருந்த நால்வரில் இயல்பாக இருந்தவர் அந்தப் பெண் ஒருவர்தான். அவருக்கு எதுவும் தெரியாது.

"நீங்கதான் இந்த ஷீட்டெல்லாம் போடுறவங்களா? இவங்க சொல்லிக்கிட்டே இருப்பாங்க" என்றார்.

நான் உறையிலிருந்து தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தன் வழக்கப்படி சாய்த்தார். கட்டங்கள் நேராக நின்றன. "ஐய" என்று சொல்லிவிட்டு, கையை வைத்துப் பார்த்தார், நகர்த்திப் பார்த்தார். "என் கை படவே இல்லையே. என்னைப் பார்க்காமலே எப்படிப் போட்டீங்க?"

"சொன்னாங்க" என்றேன்.

எனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அதனால்தான் அடுத்ததைச் சொன்னார் என்று நினைக்கிறேன். "ஆத்தோட போனாங்களே ஒரு மருத்துவச்சி, அது நீங்க ஆடினதா? அவங்க பைதான் இப்ப எங்கிட்ட இருக்கு. மூலிகை எல்லாம் அப்படியே பத்திரமா வச்சிருக்கேன்."

எங்கள் ஞாயிறு ஆட்டத்திலும் ஓர் ஆறு வந்திருந்தது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மூவரும் கடந்தோம். நான் பகடை உருட்டினேன், நல்ல எண் விழுந்தது, கரை ஏறினேன். அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் ஆடியிருந்தேன். வில்லாளியின் காயத்துக்கு மருந்து கட்டினேன், திருடனைக் காய்ச்சலிலிருந்து எழுப்பினேன். இந்த மேசையில் அதே ஆற்றில் நான் செத்திருந்தேன். என் கையால் மருந்து வாங்கிக்கொண்ட இருவரும் அதைத் தெரிந்துகொண்டே வாங்கியிருக்கிறார்கள்.

"எப்படிப் போனா?" என்று தோழியைக் கேட்டேன்.

"கயிறு அறுந்துச்சு."

"யாரு உருட்டினது?"

இந்த ஆட்டத்தில் எவ்வளவோ விஷயங்களைக் கதை நடத்துபவர் தானாகச் சொல்லிவிடலாம். மழை பெய்தது என்று சொல்லலாம், பாலம் இடிந்தது என்று சொல்லலாம். ஒரு பாத்திரத்தின் உயிர் போவதென்றால் மட்டும் யாராவது பகடையைக் கையில் எடுக்க வேண்டும். அதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

"உருட்டல மேடம்" என்றார் மருந்துக்கடைக்காரர். "கதையில அப்படி வந்துடுச்சு."

"ஒருத்தர் கூடவா உருட்டல?"

வாத்தியார் ஒரு பகடையை எடுத்து என் பக்கம் நீட்டினார். அவர் நல்ல மனிதர். "இப்ப உருட்டுங்க மேடம். நல்ல நம்பர் விழுந்தா பொழச்சுட்டாங்கன்னு வச்சுக்கலாம்."

வச்சுக்கலாம். அம்பு இருபது என்று வைத்துக்கொள்வதுபோல. நான் அதை வாங்கவில்லை. புதியவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு ஏதோ விளங்கத் தொடங்கியிருக்க வேண்டும். தாளை மெதுவாகத் தன் பக்கத்திலிருந்து நகர்த்தினார்.

"அது உங்களுக்குத்தான். உங்களுக்கு அளவெடுத்துப் போட்டது, வேற யாருக்கும் ஆகாது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தோழி கேட்வரைக்கும் வந்தாள்.

"உன்ன வேணாம்னு ஒண்ணும் இல்லடி."

"சரி."

"நீ இருந்தா பரீட்சை எழுதுற மாதிரி இருக்குதுங்கிறாங்க. எல்லாத்தயும் சரி பார்க்குற. சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது திடீர்னு போன வாரம் இது சொன்னீங்கன்னு எடுத்து வக்கிற."

"யாரு சொன்னது, அவங்களா நீயா?"

"எல்லாருந்தான்" என்றாள். பிறகு, "நானுந்தான்" என்றாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ மாத்திக்குவ. மாத்திக்கிட்டேன்னு அதயும் குறிச்சு வப்ப."

அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் நான் கேட்க நினைத்தது வேறு. பிடிக்காத ஒருத்தியை விட்டுவிட்டு ஆடுவது ஒன்று. அவளை வைத்துக்கொண்டே ஞாயிறு தோறும் சிரித்து, அவள் கையாலேயே அடுத்தவருக்குத் தாள் வாங்குவது இன்னொன்று. டீக்கடையில் நின்று, இடது கை, பென்சில், சாய்த்து வைப்பார் என்று அவள் அடுக்கியபோது அவளுக்கு எதுவும் உறுத்தவில்லையா? இதைக் கேட்டிருக்கலாம். கேட்ட கேள்வி இதுதான்:

"ஷீட்ட ஏன் எங்கிட்ட கேட்ட? இருக்கிறதையே ஜெராக்ஸ் போட்டுத்தானே ஆடுறீங்க."

"அவங்க கஷ்டப்பட்டாங்க. உன்ன மாதிரி யாரும் போட மாட்டாங்களே" என்றாள்.

பாராட்டாகத்தான் சொன்னாள். அவள் வாயிலிருந்து நான் கேட்டதிலேயே பெரிய பாராட்டு அது.

திரும்பும்போது கூட்டத்தோடு நடந்தேன். இந்த முறை யாரும் என்னை நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணவர், "என்னா, தாயம் இல்லயா இன்னைக்கு" என்று கேட்டார். பௌர்ணமி என்றேன்.

வாரம் முழுவதும் போனில் எங்கள் குழுவுக்கு யாரும் எதுவும் அனுப்பவில்லை. சனிக்கிழமை தோழி, "நாளைக்கு வா, எல்லாரும் இருக்கோம்" என்று அனுப்பினாள். போவதா வேண்டாமா என்று எனக்குள் ஒரு சண்டையும் நடக்கவில்லை. என் ஆட்டம் ஒன்று அங்கே பாதியில் நின்றது. அதை முடிக்க வேண்டும்.

மேல்மாடியில் ஐந்தாவதாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் புதியவர் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழ முயன்றார். உட்காருங்கள் என்று கையைக் காட்டினேன். மருந்துக்கடைக்காரர் எனக்காக வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். வாத்தியார், "மேடம், எங்கிட்ட ஒம்போது அம்புதான் இருக்குது, எண்ணிட்டேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

தோழி தன் கதைக் குறிப்புத் தாளை முன்னால் நிறுத்திக்கொண்டு தொண்டையைச் செருமினாள். "ஆத்துக்கு அந்தாண்ட மணல் திட்டு. விடியிற நேரம். ஒரு பொம்பள கரையில ஒதுங்கிக் கெடக்குறா. மூச்சு இருக்குது." என்னைப் பார்த்தாள். "கண்ண தொறக்குறா."

அவள் நன்றாகத்தான் சொன்னாள். எப்போதும் நன்றாகச் சொல்வாள். இதற்காக அவள் வாரம் முழுவதும் யோசித்திருப்பாள் என்பதும் எனக்குத் தெரிந்தது. கண் திறந்ததும் நான் ஏதாவது ஒரு வார்த்தை பேசினால் போதும், நால்வரும் மூச்சு விடுவார்கள். அடுத்த ஞாயிறு முதல் நான் எதையும் வாசிக்க மாட்டேன், எதையும் எண்ண மாட்டேன், அவர்களும் என் முன்னால் ஜாக்கிரதையாக இருப்பார்கள். பௌர்ணமிக்கு என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நான் அதை யோசித்துக்கொண்டிருப்பேன்.

"இல்ல" என்றேன். "அவ செத்துட்டா."

"உருட்டவே இல்லயேடி. செல்லாதுன்னு வச்சுக்கலாம்."

"நீ சொன்னா செல்லும். கதைய நடத்துறது நீதானே."

"நான் இப்ப பொழச்சுட்டான்னு சொல்றேனே."

"அதுக்கு நான் ஆடணும்" என்றேன்.

என் தாளை மேசையிலேயே விட்டேன். பென்சிலை மட்டும் எடுத்துக்கொண்டேன், அது அலுவலகத்துடையது. புதியவர் மெல்ல, "என்னாலயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. கதவருகே வந்தேன். வாத்தியார் மட்டும், "மேடம்" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

கீழே இறங்கிக் கடைசிப் படியில் உட்கார்ந்து செருப்பு வாரைப் பூட்டிக்கொண்டிருந்தேன். மேலே ஒரு நாற்காலி இழுபட்டது. பிறகு தோழியின் குரல் கேட்டது, கதை சொல்லும்போது மட்டும் வரும் அந்தக் கொஞ்சம் தாழ்ந்த குரல்:

"சரி, மணல் திட்டுல யாரும் இல்ல. நீங்க நாலு பேரும் மேல நடக்குறீங்க. எதிர்ல ஒரு ஊரு தெரியுது."

மேலே ஆடுகிறவர்கள் நாலு பேர் இல்லை, மூன்று பேர்தான். யாரும் அதைச் சொல்லவில்லை. நான் இன்னொரு வாரையும் பூட்டிக்கொண்டு எழுந்தேன்.